கம்பம் பள்ளத்தாக்கில் மலை சைக்கிள்: திராட்சைப் பந்தலும் ஆற்றங்கரையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரள எல்லைப் பக்கத்துக்கும் மேகமலைக்கும் நடுவே கிடக்கிற தாழ்வான நிலம்தான் கம்பம் பள்ளத்தாக்கு. லோயர் கேம்பில் தொடங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனி வரை நீள்கிறது. நடுவில் முல்லைப் பெரியாறு ஓடுகிறது, இரண்டு பக்கமும் நெல், வாழை, தென்னை, திராட்சை. சில வருடமாக வார இறுதிகளில் இந்தக் கரைகளில் மலை சைக்கிள் ஓட்டுகிறேன். வெளியூர் நண்பர்கள் போனில் கேட்பதற்கெல்லாம் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மலை சைக்கிள் என்கிறீர்கள், ஆனால் மலை ஏறவே போவதில்லையா?

ஆமாம், ஏறவே போவதில்லை. தடித்த டயரும் முன்பக்க சஸ்பென்ஷனும் இங்கே வேண்டியிருப்பது வாய்க்கால் கரைக்கும் தோட்டத்து மண் பாதைக்கும்தான். தேனியிலிருந்து கம்பம் 40 கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரத்துக்கு நிலம் உயர்வது சுமார் 100 மீட்டர்தான். ஏறுகிறோம் என்பதே காலுக்குத் தெரியாது.

ஏறியே தீருவேன் என்பவர்களுக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைச்சாலைகள் இருக்கின்றன. மூன்றும் தார் ரோடு, கொண்டை ஊசி வளைவு, பின்னால் பஸ், ஜீப். அது வேறு விளையாட்டு, அதற்கு மெல்லிய டயர் சைக்கிள் போதும். இந்தக் கேள்வி-பதில் முழுவதும் கீழே பள்ளத்தாக்கில் ஓட்டுபவர்களுக்கானது.

எந்த வழியில் போகலாம்?

முதல் தடவை வருகிறவர்களை நான் கம்பம் – சுருளிப்பட்டி வழியில்தான் கூட்டிப்போவேன். கம்பத்தில் விடிந்ததும் கிளம்பி, ஆற்றுப் பாலம் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் வீடுகள் குறைந்து வயல் வந்துவிடும். சுருளிப்பட்டிக்கு முன்னாலேயே சாலையோரம் திராட்சைப் பந்தல்கள் தொடங்கும். அங்கிருந்து தார் ரோட்டை விட்டு நாராயணத்தேவன்பட்டி பக்கமோ காமயகவுண்டன்பட்டி பக்கமோ மண் பாதையில் இறங்கிச் சுற்றிக்கொண்டு திரும்பலாம். எப்படிச் சுற்றினாலும் 20, 25 கிலோமீட்டர். நின்று, பேசி, டீ குடித்து ஓட்டினால் அரை நாள் ஓடிவிடும்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு சௌகரியம் நிழல். சூரியன் மேகமலைக்குப் பின்னாலிருந்து வருவதால், எதிரே கேரளத்து மலையில் வெயில் அடித்த பிறகும் மலையடிவாரத்துத் தோட்டங்களில் பனி ஈரம் காயாமல் இருக்கும். ஏழு மணிக்குக்கூட டயரில் மண் ஒட்டும்.

இரண்டாவது வழி உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, அப்படியே கம்பம் பக்கம் வருவது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திராட்சை பார்க்கத்தான் வருகிறேன் என்பவர்களுக்கு இந்த வழி. கொஞ்சம் மேடு பள்ளம் உண்டு, ஊர்களும் நெருக்கமாக வரும்.

மூன்றாவது கூடலூரிலிருந்து லோயர் கேம்ப். திராட்சை குறைவு, ஆறும் வயலும் அதிகம். மலை மூன்று பக்கமும் நெருங்கி வந்து, எதிரே மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும். லோயர் கேம்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபம் இருக்கிறது, அங்கே திரும்பிவிடலாம். அதற்கு மேல் குமுளி மலைச்சாலை.

திண்டுக்கல் – குமுளி நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டாதீர்கள். லாரி, சபரிமலை வண்டி, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் என்று எல்லாம் அதில்தான் ஓடுகிறது. கார்த்திகை, மார்கழியில் கேட்கவே வேண்டாம்.

வாய்க்கால் கரையில் ஓட்டினால் யாரும் ஏதும் சொல்வார்களா?

நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கரைகள் நமக்காகப் போட்டவை அல்ல. விவசாயி தண்ணீர் பார்க்கப் போக, உரமூட்டை கொண்டுபோக, அறுத்த நெல்லை ஏற்றிவர வைத்திருக்கிற பாதை. கரை பொதுவாக இருந்தாலும் அதிலிருந்து பிரிகிற வரப்பும் தோட்டத்துப் பாதையும் ஒருவருக்குச் சொந்தம்.

ஆரம்பத்தில் நான் செய்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். கரையின் குறுக்கே ஒரு முழ அகலத்துக்கு ஈர மண்ணை அணைத்து வைத்திருந்தார்கள். எனக்கு அது குதிக்கத் தோதான ஒரு மேடாகத்தான் தெரிந்தது. வேகமாக வந்து ஏறினேன். பின் சக்கரம் மண்ணை வெட்டிக்கொண்டு போனது. ஒரு நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், வெட்டின தடத்தில் தண்ணீர் புகுந்து பக்கத்து வயலுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வாழைக்குள்ளிருந்து ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வந்தார். "மடையை உடைச்சுட்டியேப்பா. என் முறைத் தண்ணி அது, பகல் பத்து மணி வரைக்கும்தான்" என்றார். கத்தவெல்லாம் இல்லை. மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, எங்கே வெட்டி எங்கே போடணும் என்று பக்கத்தில் நின்று சொன்னார். கட்டி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அவருக்கு அந்த இருபது நிமிடத் தண்ணீர் போனது போனதுதான்.

அன்றிலிருந்து ஈர மண் அணையைப் பார்த்தால் இறங்கி சைக்கிளைத் தூக்கித் தாண்டுகிறேன். வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் நின்று, "அண்ணே, இப்படிப் போகலாமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறேன். "போங்க தம்பி" என்பார்கள், சில சமயம் "அந்தப் பக்கம் வேணாம், சேறு" என்று வழியும் சொல்வார்கள். வரப்பில் ஓட்டவே கூடாது. கரையில் நெல் காயப்போட்டிருந்தால் சுற்றிப் போங்கள்.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் சைக்கிள் ஓட்டலாமா?

படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் வேண்டாம். இங்கே கொடியைக் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தலில்தான் படர விடுகிறார்கள். ஆள் நின்று வேலை செய்கிற உயரம் அது. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் உங்கள் தலை கிட்டத்தட்ட கம்பியில் இருக்கும். காய் பிடித்திருக்கும்போது குலை அதற்கும் கீழே தொங்கும். ஹெல்மெட் பட்டுக் குலை உதிர்ந்தால் நஷ்டம் அவருக்கு. பந்தலுக்கு அடியில் மண் பாத்தி கட்டி ஈரமாகவும் இருக்கும், சக்கரம் புதையும்.

வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு அனுமதி கேட்டு நடந்து போங்கள். சாலையோரத் தோட்டங்கள் சிலவற்றில் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுகிறார்கள், வாசலிலேயே பழம் விற்கிறார்கள். தேக்கடிக்கு வருகிற கேரளக் குடும்பங்கள் இந்தப் பந்தல்களைப் பார்க்கவென்றே மலை இறங்கி வருவதுண்டு.

இன்னொன்று, மருந்து. திராட்சைக்கு அடிக்கடி மருந்து அடிப்பார்கள். இலையில் நீலமும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, பூஞ்சாணத்துக்கு அடிப்பது. மருந்து அடிக்கிற சத்தம் கேட்டால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து விலகிப் போங்கள். தொங்குகிற பழத்தை அப்படியே பறித்து வாயில் போடாதீர்கள். கேட்காமல் பறிப்பது தப்பு என்பது தனி.

எந்த மாதத்தில் வந்தால் பழம் இருக்கும்?

எப்போது வந்தாலும் இருக்கும். கம்பத்தின் விசேஷமே அதுதான். வேறு ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு, இங்கே வருடம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டே இருக்கும். கவாத்து வெட்டினால், அதாவது கொடியைக் கழித்துவிட்டால், சுமார் நான்கு மாதத்தில் பழம். ஒருவர் ஒரு மாதம் கவாத்து வெட்டுவார், பக்கத்துத் தோட்டக்காரர் இன்னொரு மாதம். அதனால் ஒரே காலை சவாரியில் ஒரு பந்தல் மொட்டைக் குச்சியாக நிற்கும், அடுத்தது தளிர் விட்டிருக்கும், அதற்கடுத்ததில் கடுகு மாதிரிப் பிஞ்சு, கொஞ்ச தூரம் தள்ளி கருநீலமாகப் பழுத்துத் தொங்கும். திராட்சை விவசாயத்தின் நான்கு மாதத்தை இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதுவும் சைக்கிள் வேகத்தில்தான் கண்ணில் படும், காரில் போனால் எல்லாம் ஒரே பச்சைதான்.

பெரும்பாலும் பன்னீர் திராட்சை. கொட்டை உள்ளது, தோல் கொஞ்சம் தடிப்பு, வாசனை தூக்கும். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்பார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டையில்லாப் பச்சைத் திராட்சை வேண்டுமென்றால் சின்னமனூர் தாண்டி ஓடைப்பட்டிப் பக்கம் போகவேண்டும்.

அப்படியானால் ஓட்டுவதற்கு நல்ல மாதம் எது?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. மழை ஓய்ந்து கரை இறுகியிருக்கும், காலையில் குளிரும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, கரை மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுழலவிடாது. ஏப்ரல், மேயில் வெயில். ஒன்பது மணிக்குள் வீடு திரும்புகிறவர்கள் வரலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பச்சைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. பெரியாற்றுத் தண்ணீர் திறந்து முதல் போக நெல் நட்டிருப்பார்கள். லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயல். ஆனால் காற்று! தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்கள் வழியாகப் பிய்த்துக்கொண்டு இறங்கும். தேனிப் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. அந்த மாதங்களில் காலையில் காற்றுக்கு எதிராக லோயர் கேம்ப் பக்கம் ஓட்டிவிட்டு, களைத்த பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தேனிப் பக்கம் திரும்புங்கள். மாற்றிச் செய்தவர்கள் மறுமுறை வருவதில்லை.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நாட்களில் அந்த ஊரைச் சுற்றிச் சைக்கிளோடு நுழையவே முடியாது. திருவிழா பார்க்க வருவதென்றால் நடந்து வாருங்கள்.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா?

இந்த ஆற்றின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பதில் தானே வரும். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பினார்கள். ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் தொடங்கிய வேலை, 1895-இல் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர்தான் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இறங்கி, பள்ளத்தாக்கு முழுக்க ஓடி வைகையில் சேர்கிறது. இங்கே பையனுக்குப் பென்னிகுயிக் என்று பேர் வைத்த வீடுகள் உண்டு. பாலார்பட்டியில் ஜனவரி 15-ஆம் தேதி, அவர் பிறந்தநாளில், அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

சரி, குளிக்கும் விஷயம். இந்த ஆற்றின் அளவு அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமலேயே தண்ணீர் ஏறும். முழங்கால் ஆழத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்த இடம், திரும்பி வரும்போது இடுப்பு ஆழம் இருக்கலாம். உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் காலை நனைத்துக்கொள்ளுங்கள், அது போதும். பாலம் இருக்கும் இடத்தில் மட்டும் கடந்து போங்கள். சுருளி அருவிக்கும் இதேதான், வெள்ளம் என்றாலோ யானை நடமாட்டம் என்றாலோ வனத்துறை குளிக்கத் தடை போட்டுவிடும். போகும் வழியிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

யானை வருமா?

2023 மே கடைசியில் வந்தது, அதுவும் கம்பம் டவுனுக்குள்ளேயே. கேரளத்துச் சின்னக்கானலில் பிடித்துத் தேக்கடிக் காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை, அங்கிருந்து இறங்கித் தெருவில் நடந்தது. ஊரில் 144 தடை உத்தரவு போட்டார்கள். அது தாக்கியதில் காயப்பட்ட ஒருவர் இறந்துபோனார். ஜூன் 5-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

அது தினசரி நடப்பதல்ல. ஆனால் மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. சுருளிப் பக்கத்துத் தோட்டங்களும் அந்தக் காடும் ஒட்டிக்கொண்டே கிடக்கின்றன. அதனால் விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் அடிவாரத் தோட்டங்களில் ஓட்டாதீர்கள். மேற்கு மலை சூரியனைச் சீக்கிரமே மறைத்துவிடும், ஐந்தரைக்கெல்லாம் பந்தலுக்குள் இருட்டு. காட்டை ஒட்டிய வேலிக் கம்பியைத் தொடவே கூடாது, அதில் மின்சாரம் இருக்கலாம். புதுச் சாணி, முறிந்த வாழை என்று கண்ணில் பட்டால் வந்த வழியே திரும்புங்கள்.

அன்றாடத் தொல்லை என்றால் யானை இல்லை, தோட்டத்து நாய். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பாதி நாய்கள் ஆர்வம் இழந்துவிடும்.

எந்த மாதிரி சைக்கிள் வேண்டும்?

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண ஹார்டுடெயில் தாராளம். பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ளது வீண் செலவு, வீண் எடை. டயர் இரண்டு அங்குல அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். காற்றைக் கல்லு மாதிரி அடைக்காதீர்கள். எழுபது கிலோ ஆளுக்கு 30 பி.எஸ்.ஐ. சுற்றி வைத்தால் கரையில் பிடிமானம் கிடைக்கும். தார் ரோட்டில் கொஞ்சம் இழுக்கும், பரவாயில்லை.

பஞ்சர் ஆகுமா?

ஆகும். கருவேல முள்ளை எல்லோரும் எதிர்பார்த்து வருகிறார்கள், ஆளைக் கவிழ்ப்பது நெருஞ்சி. தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சள் பூ பூத்திருக்கும், பார்க்கச் சாது. காய்ந்த காயை எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே நிற்கும். பாதை ஓரத்துக் கட்டாந்தரையில் சைக்கிளைப் படுக்கப் போட்டு இளநீர் குடித்துவிட்டு எடுத்தால் டயரில் வரிசையாகக் குத்தியிருக்கும். சைக்கிளை மரத்தில் சாத்தி வைக்கப் பழகுங்கள். டியூப் இல்லாத டயரில் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றி வருகிறவர்களுக்குப் பெரிய கவலை இல்லை.

மற்றவர்கள் இரண்டு டியூப், பம்ப், டயர் கழற்றும் நெம்பி, பஞ்சர் ஒட்டும் சாமான் எடுத்து வாருங்கள். ஊர்ப்புறச் சைக்கிள் கடையில் அன்பும் திறமையும் நிறைய உண்டு, ஆனால் 29 அங்குல டியூப் பெரும்பாலும் இருக்காது. உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் கடைப் பம்ப் அதில் மாட்டாது. ஒரு சின்னப் பித்தளை அடாப்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சுண்டுவிரல் நகம் அளவுதான்.

வெளியூரிலிருந்து சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது?

மதுரையிலிருந்து அகல ரயில் பாதை 2022-இல் தேனி வரையும் 2023-இல் போடி வரையும் திறந்துவிட்டது. கம்பத்துக்கு ரயில் இல்லை. சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டு வரலாம், அல்லது லக்கேஜ் பெட்டி உள்ள ரயிலில் முன்கூட்டியே புக் செய்யலாம். தேனியில் இறங்கினால் அங்கிருந்தே ஓட்டத் தொடங்குங்கள், பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். காரின் பின்னால் மாட்டி வருவது எல்லாவற்றிலும் சுலபம். வாடகை சைக்கிளை நம்பி மட்டும் வராதீர்கள்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

வாருங்கள். பத்து வயதுக்கு மேல், சொந்தமாக பிரேக் பிடிக்கத் தெரிந்தால் சரி. வாய்க்கால் நிறைய ஓடும் நாட்களில் கரையில் தண்ணீர் பக்கம் பெரியவர்கள் ஓட்டுங்கள், பிள்ளைகள் வயல் பக்கம். விழுந்தால் சேறுதான், தண்ணீர் இல்லை.

திராட்சைத் தோட்டத்தில் ஒயின் ருசி பார்க்கலாமா?

ஐரோப்பியப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். இங்கே திராட்சை முக்கியமாகத் தின்பதற்கும் ஜூசுக்கும். சாலையோரக் கடையில் கண்ணெதிரே பிழிந்து தருவார்கள், ஐஸ் வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வாசனை அப்போதுதான் தெரியும்.

கண்ணகி கோவிலுக்குச் சைக்கிளில் போகலாமா?

கூடலூருக்கு மேலே மலை உச்சியில் இருக்கிற மங்கலதேவி கோவிலைக் கேட்கிறீர்கள். முடியாது. வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் விடுகிறார்கள். அன்றைக்கும் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து என்றால் பளியன்குடியிலிருந்து நடந்துதான் ஏறவேண்டும்.

வாங்கிய பழத்தைச் சைக்கிளில் எப்படிக் கொண்டுபோவது?

இதைத்தான் எல்லோரும் கடைசியில், இரண்டு கிலோ வாங்கிய பிறகு கேட்கிறார்கள். முதுகுப் பையில் போட்டால் கரைக் குலுக்கலில் பாதி நசுங்கி, சாறு முதுகில் வழிந்து, எறும்பும் குளவியும் துணைக்கு வரும். ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் ஸ்போக்கில் மாட்டும். தோட்டக்காரரிடம் ஒரு சின்ன அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, அடியில் காய்ந்த வாழைச்சருகு போட்டு, குலையைக் காம்பு மேலே இருக்கும்படி ஒரே அடுக்காக வைத்து, பின் கேரியரில் கட்டுங்கள். பழைய டியூபை நீளமாக வெட்டி வைத்திருந்தால் அதைவிட நல்ல கயிறு கிடையாது. அப்புறம் வந்த வழியை விட்டுவிட்டுத் தார் ரோட்டிலேயே திரும்புங்கள்.

கேரியர் இல்லாத சைக்கிளா? அங்கேயே உட்கார்ந்து, கழுவித் தின்றுவிட்டுக் கிளம்புங்கள். நான் அப்படித்தான்.